செடி நிறைய இருக்கிறது, பார்க்கத்தான் நன்றாக இல்லை: வீட்டுத் தோட்டக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வீடுகளின் முன்வாசல் தோட்டங்களைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "செடி எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பார்க்க நல்லா இல்லை." மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும்: "என்ன செடி வாங்கணும்னு சொல்லுங்க."

நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் வாங்க வேண்டியது ஒன்றும் இருக்காது. எடுக்க வேண்டியதும் இடம் மாற்ற வேண்டியதும்தான் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் சரியாகும் காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியில். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுவில் தாவினால் நர்சரிக்காரருக்குத்தான் லாபம்.

## தொடங்கும் முன்: ஒரு நாற்காலி, ஒரு போன்

உங்கள் தோட்டத்தை நீங்கள் அதிகம் பார்ப்பது தெருவிலிருந்து அல்ல. ஹால் ஜன்னல், சமையலறை ஜன்னல், வாசல் திண்ணை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே உயரத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். கேட்டருகே நின்று இன்னொன்று. இரண்டையும் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவின் நிறம் போய்விட்டால் எது எதோடு ஒட்டிக் கிடக்கிறது, கண் எங்கே போய் முட்டுகிறது என்பது பளிச்சென்று தெரியும். முட்டுகிற இடத்தில் மோட்டார் பெட்டியோ துருப்பிடித்த சைக்கிளோ இருந்தால், கோளாறு செடியில் இல்லை.

அடுத்தது வெயில். காலை 8, மதியம் 12, மாலை 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் பாதி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆக, வடக்குப் பார்த்த வாசலில் கோடையில் வெயில் விழும், மார்கழியில் வீட்டு நிழல் நாள் முழுக்க மூடிக்கொள்ளும். தெற்கு வாசலில் இது தலைகீழ். மார்கழியில் நிழலாக இருக்கிறதே என்று வடக்கு வாசலில் வைத்த பெரணி சித்திரை முடிவதற்குள் கருகுவது இதனால்தான். முடிந்தால் இந்தப் படங்களை வருடத்தில் இரண்டு முறை எடுங்கள்.

## அறிகுறி 1: நாற்பது செடி இருக்கிறது, தோட்டம் நர்சரி மாதிரி இருக்கிறது

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. நேரமும் இதற்குத்தான் அதிகம் பிடிக்கும்.

தொட்டிகளை எண்ணுங்கள். செடியை மறந்துவிட்டுத் தொட்டியின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் எண்ணுங்கள். பெயின்ட் வாளி, பச்சை பிளாஸ்டிக், மண் தொட்டி, சிமென்ட் தொட்டி, பீங்கான் யானை, உடைந்த பக்கெட் என்று மூன்றுக்கு மேல் போனால் கண் செடியைப் பார்க்காது, தொட்டியைத்தான் பார்க்கும். மண் தொட்டியை அப்படியே விடுங்கள். மற்றவற்றின் வெளிப்புறத்துக்கு அதே காவி நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதோடு நிறுத்திக்கொண்ட வீடுகளும் உண்டு, மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை.

வகைகளை எண்ணுங்கள். நாற்பது செடியில் முப்பத்தைந்து வகை என்றால் அது சேகரிப்பு, தோட்டம் ஆகாது. வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துப்போய் ஏற்கெனவே நன்றாக வளரும் ஐந்து வகைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே பெருக்குங்கள். குரோட்டன்ஸ், இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாமே குச்சியில் வரும். பென்சில் தடிமனில் அரையடி நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மழை தொடங்கியதும் நிழலில் ஊன்றினால் போதும். வளர்ந்ததும் ஒரே வகையை மூன்றாகவோ ஐந்தாகவோ சேர்த்து வையுங்கள். இரண்டு வைத்தால் வாசல் காவலாளி மாதிரி நிற்கும். கேட்டுக்கு இருபுறமும் அது சரி, மற்ற இடத்தில் வேண்டாம்.

மீதி முப்பது வகையை என்ன செய்வது? தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர், "ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு தம்பி" என்று ஆரம்பித்து, சம்பந்தி வீட்டு ரோஜா, கொடைக்கானலில் பிடுங்கி வந்த ஏதோ ஒன்று, பேரன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேம்பு என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றையும் அவர் காபி குடிக்கும் பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரே வரிசையில் வைத்துக் கொடுத்தேன். முன்வாசல் காலியானது. அவர் அதற்குப்பின் முன்வாசல் பக்கமே வருவதில்லை என்று மகன் சொன்னார், அது வேறு விஷயம்.

உயரத்தைப் பாருங்கள். மதிலோரம் ஐந்தாறு அடி வளரும் நந்தியாவட்டை, அரளி. அதற்கு முன்னால் இடுப்புயரம் வரை இட்லிப்பூ, குரோட்டன்ஸ். நடக்கும் இடத்தை ஒட்டி முழங்காலுக்குக் கீழே டேபிள் ரோஸ் மாதிரி ஒன்று. முன்வரிசையில் நிற்கும் உயரமான செடியை எடுத்துப் பின்னால் வைத்தாலே இடம் ஒரு மடங்கு பெரிதாகத் தெரியும். தொட்டிகள் என்றால் பின்வரிசையைக் கவிழ்த்த தொட்டியின் மேலோ இரண்டு அடுக்குச் செங்கல் மேலோ ஏற்றுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் அரளி வேண்டாம். இலை, பூ, விதை எல்லாமே விஷம்.

வரப்பு இருக்கிறதா? மண் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத தோட்டம் எவ்வளவு பூத்தாலும் பராமரிப்பு இல்லாத மாதிரியே தெரியும். கடப்பாறையால் நேர்க்கோடு கீறி, பாதி புதையும்படி செங்கல் பதியுங்கள். 20 அடி நீளத்துக்குப் படுக்கையாக வைத்தால் 27 செங்கல், குறுக்காக நெருக்கி நிறுத்தினால் 80 செங்கல் வரும். ரயில் நிலையங்களிலும் கலெக்டர் ஆபீஸிலும் செங்கல்லைச் சாய்த்து நட்டுக் காவியும் வெள்ளையும் அடித்திருப்பார்களே, அதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். உள்ளே நாலே நாலு கல்வாழை இருந்தாலும் அந்தக் கோடு தோட்டத்தைக் காப்பாற்றிவிடும். வீட்டுக்கு வெள்ளை தேவையில்லை, செங்கல் நிறமே போதும்.

கண் நிற்க ஓர் இடம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒரே ஒரு பொருள் முதலில் தெரிய வேண்டும். துளசி மாடம் இருந்தால் அதுதான், வேறு தேட வேண்டாம். அதைச் சுற்றி இரண்டடி காலியாக விடுங்கள். பழைய ஆட்டுக்கல் இருந்தால் அதுவும் அழகு, ஆனால் குழியில் நிற்கும் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு குடிவந்துவிடும். சிமென்ட் வாத்து, தவளை, நீரூற்று, புத்தர் தலை நான்கும் சேர்ந்து ஒரே பார்வையில் விழுந்தால் மூன்றை எடுத்துவிடுங்கள். எந்த மூன்று என்பது குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டியது.

இத்தனைக்குப் பிறகும் சரியில்லை என்றால் நடைபாதை. இதுதான் காசு. கேட்டிலிருந்து வாசற்படிக்கு மூன்றடி அகலம் வேண்டும், இருவர் சேர்ந்து நடக்க நான்கடி. பதினைந்தடி வாசலில் வளைவு நெளிவாகப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து நானே போய்ப் பார்த்தேன். பால்காரர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் புல்லை மிதித்து நேராகத்தான் நடந்திருந்தார்கள். கால் தேய்த்த தடம்தான் பாதை. பேவர் பிளாக் பதிப்பது என்று முடிவானால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நீங்களே பதித்தால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தவறும், தவறினால் என்ன ஆகும் என்பது அறிகுறி 6இல் இருக்கிறது.

## அறிகுறி 2: நட்டபோது அழகு, ஒரே வருடத்தில் காடு

முதல் காரணம் நெருக்கம். வேலை முடிந்த அன்று படம் எடுக்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஒன்றரையடிக்கு ஒரு செம்பருத்தி நட்டிருப்பார்கள். செம்பருத்தி ஆறடி அகலம் கேட்கும் செடி. ஒன்றுவிட்டு ஒன்றை எடுங்கள். மனம் கேட்காது, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். மழை தொடங்கும் சமயத்தில் வேர் மண்ணோடு தோண்டினால் வேறிடத்தில் பிழைத்துக்கொள்ளும்.

இடைவெளி சரியாக இருந்தும் காடாகிறது என்றால் கவாத்து இல்லை. நுனியை மட்டும் கத்தரித்துக்கொண்டே வந்தால் செடி குடை மாதிரி மேலே அடர்ந்து, கீழே குச்சி குச்சியாக நிற்கும். துரந்தா வேலி வைத்த எல்லா வீட்டிலும் இந்த "அடி மொட்டை" வரும். வேலியின் மேல்பக்கம் குறுகலாகவும் அடிப்பக்கம் சற்று அகலமாகவும் இருக்கும்படி வெட்டுங்கள், கீழ் இலைக்கு வெயில் படட்டும். ஏற்கெனவே மொட்டையாகிவிட்டால் மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரையடிக்கு இறக்கி வெட்டுங்கள். இரண்டு மாதம் அசிங்கமாக இருக்கும். வீட்டில் விசேஷம் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

## அறிகுறி 3: இலை கொழிக்கிறது, பூ இல்லை

வெயில் போதுமா? எடுத்து வைத்த மூன்று படங்களைப் பாருங்கள். காகிதப்பூ, செம்பருத்தி, மல்லி, இட்லிப்பூ எல்லாவற்றுக்கும் நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். அது கிடைக்காத இடத்தில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது. குரோட்டன்ஸ் நிறம் மங்கிப் பச்சையாகிறது, தங்க நிறத் துரந்தா சாதாரணப் பச்சையாகிவிட்டது என்பதும் இதே கோளாறுதான். தொட்டியை நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் அதிகமா? காகிதப்பூவுக்கு மட்டும் இதை முதலில் பாருங்கள். தினமும் ஓஸ் பைப்பில் தண்ணீர் வாங்கும் காகிதப்பூ இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் தொங்கும்வரை காத்திருந்து, பிறகு நன்றாக ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் நிறம் பிடித்துவிடும். சாலை நடுவில் யாரும் கவனிக்காத காகிதப்பூ கொட்டிப் பூப்பதையும், உங்கள் வீட்டுச் செல்லப் பிள்ளை பூக்காமல் நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறீர்களா? வாராவாரம் ஊற்றினால் தழைச்சத்து ஏறி இலைதான் வரும். இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மண்புழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் போடுங்கள்.

தப்பான மாதத்தில் வெட்டினீர்களா? மல்லிக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. தரையிலிருந்து ஒன்றரையடி விட்டு வெட்ட வேண்டும். "தழைஞ்சு கிடக்குதே" என்று மார்ச்சில் வெட்டினால் அந்தப் பருவத்தின் மொட்டையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்றுக்கும் ஒரே நாளில் கவாத்து செய்யும் தோட்டக்காரர் கிடைத்தால் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு வெளிச்சம் படுகிறதா? இது செவ்வந்திக்கு மட்டும். இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்குக்குக் கீழேயோ விடிய விடிய எரியும் போர்டிகோ விளக்குக்குப் பக்கத்திலோ இருந்தால் தை வந்தாலும் பச்சையாகவே நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியை மட்டும் இருட்டுப் பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

மொட்டு வந்து உதிர்கிறதா? மொட்டின் காம்பையும் இலையின் அடியையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசை தண்டில் ஏறினால் அநேகமாக அதுதான். முதலில் ஓஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்து வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். தண்டு முழுக்க அப்பியிருந்தால் அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுவது நல்லது. கடைக்காரர் கொடுக்கும் கடும் மருந்தை வீட்டு வாசலில் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூ பறிக்கும் கை, சாமிக்குப் போகும் பூ.

## அறிகுறி 4: பச்சை பச்சையாக இல்லை

எந்த இலை மஞ்சள் என்பதை முதலில் பாருங்கள். உரம் வாங்குவதெல்லாம் அப்புறம்.

அடியிலுள்ள பழைய இலை மட்டும் மஞ்சள் என்றால் பசி. தொழு உரம் போடுங்கள். எல்லா இலையும் மஞ்சளாகி, விரலை விட்டால் மண் சேறாக இருந்தால் தண்ணீர் அதிகம். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. இட்லிப்பூவில் இது அடிக்கடி வரும், அதுவும் புது வீட்டின் மதிலோரத்தில். கட்டட வேலையில் சிந்திய சுண்ணாம்பும் சிமென்டும் மண்ணிலேயே கிடக்கும். ஒரு கைப்பிடி மண் எடுத்து மேலே வினிகர் ஊற்றுங்கள், நுரைத்தால் அதுதான் காரணம். உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. டைல்ஸ், கிரானைட் மேல் பட்டால் துருக்கறை போகாது, முதலில் சாக்கை விரியுங்கள். நிரந்தரத் தீர்வு அந்த இடத்து மண்ணை ஒன்றரையடி ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்புவது. அந்தச் செலவு வேண்டாம் என்றால் அங்கே காகிதப்பூவை வையுங்கள், அது அலட்டிக்கொள்ளாது. ஒன்று மட்டும்: இந்த மண்ணில் அடுப்புச் சாம்பல் போடாதீர்கள், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதையாகிவிடும்.

இலை நுனியும் ஓரமும் கருகி, தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கும் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள், தண்ணீர் சுத்திகரிப்பான் பழுது பார்க்க வருகிறவரிடம் இருக்கும். 500க்குக் கீழே கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் செடியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பிரயோஜனமில்லை. மழை நீரைப் பிடித்து, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் வாளி வைத்துப் பிடிக்கலாம், அதில் உப்பு கிடையாது. மண்ணில் இருக்கும் செடிகளை உப்பு தாங்கும் அரளி, காகிதப்பூ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நான்கிலும் அடங்காமல் எல்லாச் செடியும் வாடுகிறது என்றால் மேலும் உரம் வாங்காமல், மண்ணும் தண்ணீரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். கட்டணம் ஒரு மூட்டை உரத்தின் விலையைவிடக் குறைவு.

## அறிகுறி 5: புல்தரை திட்டுத் திட்டாக

கொரியன் புல்லுக்கும் முழு வெயில் வேண்டும். மாமரத்தடியில் திட்டு விழுந்தால் புல்லை மாற்றிப் பயனில்லை.

வெயிலிலும் திட்டு என்றால் நீளமான ஸ்குரூ டிரைவரை ஈர மண்ணில் குத்துங்கள். நல்ல இடத்தில் அரையடி சுலபமாக இறங்கும். திட்டு விழுந்த இடத்தில் இரண்டு அங்குலத்தில் முட்டினால் கீழே ராபிஷ். வீடு கட்டிய மேஸ்திரி உடைந்த செங்கல்லையும் காரையையும் அங்கேயே போட்டு மேலே செம்மண் தூவிவிட்டுப் போயிருப்பார். தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஸ்குரூ டிரைவர் சுலபமாக இறங்கினால் புல்லைப் பிடித்து இழுங்கள். பாய் மாதிரி கையோடு வந்தால் வேரை வெள்ளைப் புழு தின்றிருக்கிறது. அந்தத் துண்டைச் சுருட்டி, புழுவைப் பொறுக்கி, வேப்பம் பிண்ணாக்கு கலந்து புதுத் துண்டு பதியுங்கள்.

உண்மையைச் சொன்னால், இருநூறு சதுர அடிக்குக் குறைவான இடத்தில் புல்தரை வைப்பது எனக்குப் பிடிக்காது. தினமும் தண்ணீர், வாரம் ஒருமுறை களை, கடைசியில் உட்காரவும் யாரும் விடமாட்டார்கள். அதே இடத்தில் கூழாங்கல் பரப்பி நடுவே ஐந்து இட்லிப்பூ வைத்தால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி 6: மழை பெய்தால் தோட்டம் குளம்

முதலில் மழைநீர் வெளியேறும் ஓட்டையைப் பாருங்கள். சருகும் பாலித்தீனும் அடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது வாட்டம். நீளமான பலகையின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியே பத்தடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மண்தான் மேடு பள்ளமாக இருக்கிறது என்றால் மண்வெட்டியால் நீங்களே சரி செய்யலாம்.

வாட்டம் இருந்தும் நிற்கிறது என்றால் மண் குடிக்கவில்லை. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள், வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் பரவாயில்லை. மறுநாளும் நிற்கிறது என்றால் களிமண். அங்கே மேட்டுப்பாத்தி போடுங்கள், செடியை ஓரடி உயர்த்தி நடுங்கள். இல்லாவிட்டால் கல்வாழை வையுங்கள், ஈரத்தில் கொண்டாட்டமாக வளரும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி வருவது, சுவரின் அடியில் ஈரம் ஏறிப் பெயின்ட் உரிவது, கழிவுநீர்த் தொட்டிக்குள் மழைநீர் இறங்குவது. இதைச் செடியாலும் செங்கல்லாலும் சரிசெய்ய முடியாது.

தோட்டம் மாடியில் இருந்தால் கணக்கே வேறு. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரவிதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு ஈரச் செம்மண் நிரப்பினால் அதே சதுர மீட்டரில் 500 கிலோ ஏறும். அதனால் மாடியில் மண் பாத்தி கட்டும் எண்ணம் இருந்தால், நீர்க்கசிவு பார்ப்பவருக்கு முன்னால் கட்டடப் பொறியாளரிடம் பேசுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளைச் சுவரோரமாக வைப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

## அறிகுறி 7: பக்கச் சந்து எப்போதும் அழுது வடிகிறது

மூன்றடிச் சந்து, வெயில் இல்லை, பைப்பும் ஏசி பெட்டியும் இருக்கின்றன. இங்கே பூச்செடி வைத்துத் தோற்காதவர் இல்லை. பாம்புக் கற்றாழை, மணி பிளான்ட், பெரணி, சிங்கோனியம், இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதிலுக்கு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ அடித்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும், அது எந்தச் செடியைவிடவும் நல்ல முதலீடு. இலை ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் ஏசி வெளிப்பெட்டியின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

## அறிகுறி 8: இரவில் திருமண மண்டபம் மாதிரி

பச்சையும் நீலமுமான விளக்குகளை அணையுங்கள். மஞ்சள் ஒளியில் இரண்டு போதும். ஒன்று நடைபாதையில் கால் அளவில், மற்றொன்று துளசி மாடத்துக்கோ மரத்தண்டுக்கோ. நாற்காலியில் உட்கார்ந்தால் பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. தோட்டத்துக்குள் ஒயர் இழுப்பது என்றால் எலக்ட்ரீஷியன்தான். ஈர மண்ணில் டேப் சுற்றிய இணைப்பு வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி 9: மதிலில் விரிசல், மரம் சாய்கிறது

இதில் நீங்களாகச் செய்யக் கூடியது குறைவு. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மதிலிடுக்கில் முளைத்த அரசங்கன்று விரல் அளவில் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஒரு மாதத்துக்குள் விரிசல் கோட்டைத் தாண்டினாலோ, உள்ளே ஒரு நாணயம் நுழைந்தாலோ கொத்தனார் அல்ல, பொறியாளர்.

மரத்துக்கு: அடிமண் ஒருபக்கம் வெடித்து எழும்புகிறதா, தண்டின் அடியில் தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் மரம் வெட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கிளை மின்கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் யாரும் ஏற வேண்டும்.

மரம் போனபின் கீழே இருந்த செடிகளை மறந்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரம் விழுந்த வீடுகளில் இதைப் பார்த்தேன். மரத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, அதன் நிழலில் இருந்த பெரணியும் மணி பிளான்டும் வெயிலில் வெந்துவிட்டன. அன்றைக்கே பச்சை நிழல்வலை கட்டுங்கள். தொட்டிகளைச் சந்துக்கு நகர்த்துங்கள். மண்ணில் இருப்பதை அடுத்த மழைக்குத் தோண்டி மாற்றலாம். புது மரம் என்ன வைப்பது என்று அப்போது யோசித்துக்கொள்ளலாம்.